முந்நூற்றிருபதின் வரலாறு

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் வாழும் நம்மவர்க்கு வலையும் படகும் தெரியுமேயன்றிக் கணக்குத் தெரியாது என்பது வெளியார் சிலர் கூறிவரும் வசை. ஏடெழுதத் தெரிந்தார் நம்முள் முற்காலத்துச் சிலரேயாயிருந்தனர் என்பது மெய்யே. ஆனால் ஏடெழுதுதல் வேறு, எண்ணுதல் வேறு. பிடித்த மீனை ஆட்பங்கு, வலைப்பங்கு, படகுப்பங்கு என்று பிரித்து, மிஞ்சியதையும் பிரித்து, ஒருவர்க்கும் மனக்குறை வாராமல் கரையை விட்டெழுந்த மக்களைக் கணக்கறியார் என்பது பொருந்துமா? அவர் கையாண்ட கணக்கு இற்றைநாட் பள்ளிக்கணக்கன்று. ஆதலின் இற்றைநாளார் கண்ணுக்கு அது புலப்படவில்லை. அக்கணக்கினுள்ளே முந்நூற்றிருபது என்னும் ஓரெண் அமர்ந்திருக்கின்றது. அதன் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எண்ணுவதற்கு ஓர் அடியெண் வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சென்று, ஓரிடத்தில் நின்று, அதுவரை எண்ணியதை ஒரு கட்டாகக் கட்டி, பின் கட்டுக்களை எண்ணத் தொடங்குகின்றோம். அந்த நிற்குமிடமே அடியெண். கைவிரல் பத்தாதலின் உலகில் மிகப்பலர் பத்தில் நின்றனர். கால்விரலையும் சேர்த்து இருபதில் நின்றவரும் உளர். நடு அமெரிக்காவின் மாயர் அத்தகையர். பிரெஞ்சு மொழியார் இன்றும் எண்பதை ‘நான்கு இருபது’ என்றே சொல்லுகின்றனர். பழைய பாபிலோனியர் அறுபதில் நின்றனர்.

அறுபது நமக்கும் அயலன்று. நாள் ஒன்றுக்கு நாழிகை அறுபது, நாழிகை ஒன்றுக்கு விநாழிகை அறுபது, ஆண்டுவட்டமும் அறுபது. முகத்துவாரத்தில் ஓதம் ஏறும்பொழுதை இந்நாழிகைக் கணக்கால் அறிதல் எளிது. ஓதம் சந்திரனைப் பின்பற்றுவதாதலின், நேற்று ஏறிய பொழுதுக்கு இன்று ஏறத்தாழ இரண்டு நாழிகை பிந்தி ஏறும். பதினைந்து திதிக்கு முப்பது நாழிகை, அஃதாவது அரைநாள். நாளொன்றுக்கு இருமுறை ஓதம் ஏறுதலின், அரைநாள் பிந்திய ஓதம் முன்னை ஓதத்தின் பொழுதிலேயே வந்து நிற்கும். அமாவாசையன்று ஏறிய பொழுதையொட்டியே பௌர்ணமியன்றும் ஏறுதல் இதனாலேயாம். இருபத்துநான்கு மணியையும் அறுபது நிமிடத்தையும் வைத்து இதனைச் சொல்லப் புகுவார் நாளுக்கு ஐம்பது நிமிடம் என்று சொல்லிச் சிறிது இடர்ப்படுவர்.

முழுவெண்ணைப் பொறுத்தவரை தமிழர் பத்தின் அடியினரே. பத்து, நூறு, ஆயிரம் என்னும் சொற்களே சான்று. ஆயினும் ஒன்பதில் ஒரு புதுமை உண்டு. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்னும் மூன்று சொற்களிலும் மேல்நிற்கும் பத்து, நூறு, ஆயிரம் என்னும் பெயர்களின் சாயல் காணப்படுகின்றது. இவற்றின் புணர்ச்சியைத் தொல்காப்பியனார் தனியே விதந்து விதிக்கின்றார். ஒன்பதற்குத் ‘தொண்டு’ என்னும் பழம்பெயர் இருந்தமையும் அந்நூலாலேயே தெரிகின்றது. எட்டுக்கும் எண்ணிக்கைக்கும் ‘எண்’ என்பதே பெயராயிருத்தலைக் கண்டு, பண்டைத் தமிழர் எட்டையே அடியாகக் கொண்டு எண்ணினர் என்று சொல்வாரும் உளர். கேட்க இனிதாயினும், சொல்லொப்புமை ஒன்றையே பற்றி நிற்கும் அக்கூற்றை யாம் ஏற்றுக்கொள்ளத் துணியவில்லை. எட்டின் ஆட்சியைக் காணவேண்டின் முகத்தலளவையைக் காண்க: எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். அங்கே அது மறுக்கலாகாதபடி வீற்றிருக்கின்றது.

எழுதும் முறையோ வேறு. ஒன்று முதல் ஒன்பது வரை ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்னும் குறிகளும், பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்னும் குறிகளும் இருந்தன. ‘எட்டும் இரண்டும் அறியாதவன்’ என்னும் பழமொழியின் சுவை, எட்டின் குறி அகரமும் இரண்டின் குறி உகரமுமாய் இருத்தலை அறிந்தார்க்கே விளங்கும். ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்தை ௲௮௱௨௰௫ என்று வாயாற் சொல்லுமாறே எழுதினர். மூவாயிரத்தைந்தை ௩௲௫ என்றால் முடிந்தது. இம்முறைக்குச் சுழி வேண்டாம்; சுழி இல்லாமை அறியாமையுமன்று. இடத்தால் மதிப்பு மாறும் முறையில்தான் வெற்றிடத்தைக் காட்டச் சுழி வேண்டும். ௩௦௦௫ என்று எழுதவேண்டும். அச்சுப்புத்தகங்களில் இப்புதுமுறையைத் தமிழ் இலக்கங்களுக்குப் புகுத்தியவற்றுள் 1825-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கணித தீபிகை’ குறிக்கத்தக்கது. பழவேற்காடு ஒல்லாந்தர் கையினின்று ஆங்கிலேயர் கைக்கு முடிவாக மாறியதும் அதே 1825-ஆம் ஆண்டிலேயாம்.

நிற்க. தமிழ்க்கணக்கின் அருமை முழுவெண்ணில் இல்லை; கீழ்வாயில் உள்ளது. ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களுக்குக் கீழ்வாயிலக்கம் என்று பெயர். அவற்றை இருவழியாகப் பகுத்தனர். ஒன்றைப் பாதி பாதியாகப் பகுத்தால் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பதினாறில் ஒன்றில் வந்து நிற்கும். வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர். இனி ஒன்றை இருபதாகப் பகுத்தால் ஒரு மா. மாவைப் பாதி பாதியாகப் பகுத்தால் அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. பதினாறையும் இருபதையும் பெருக்கினால் வருவதும் அந்த முந்நூற்றிருபதே. ஆகவே இருவழியும் முந்திரியில் வந்து கூடுகின்றன. காணிக்கு முந்திரி நான்கு, மாவுக்குப் பதினாறு, வீசத்துக்கு இருபது, அரைக்காலுக்கு நாற்பது, காலுக்கு எண்பது. ஒன்றும் மிஞ்சுவதில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றின் பெருக்கல் வாய்பாட்டை மனனம் செய்தனர். காலைக் காலாற் பெருக்கினால் வீசம். இஃது எளிது. மாவை மாவாற் பெருக்கினால் என்ன? நானூற்றில் ஒன்று, முந்திரியினும் சிறிது. இங்கே நம் முன்னோர் செய்த சூழ்ச்சி வியக்கத்தக்கது. முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, முன் சொன்ன பெயர்களையே அதன்மேல் மறுபடியும் ஏற்றி, ‘கீழ்’ என்னும் அடைமொழியை முன் வைத்தனர். நானூற்றில் ஒன்று என்பது ‘கீழ் முக்காலே ஒருமா’. அஃதாவது ஒரு முந்திரியில் முக்காலும் மாவும் சேர்ந்தது. கீழ்முந்திரி என்றால் முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒன்று; முழுமையில் 1,02,400-இல் ஒன்று. பத்தின் முறையில் ஓரிடம் தள்ளினால் மதிப்புப் பத்திலொன்றாகக் குறைவதுபோல, இங்கே ஒரு ‘கீழ்’ சொன்னால் முந்நூற்றிருபதில் ஒன்றாகக் குறைகின்றது. சுழியும் இடமும் இன்றிச் சொல்லளவிலேயே நடந்த இடமதிப்பு முறை இது. முந்நூற்றிருபதை அடியெண்ணாகக் கொண்ட கணக்கு என்று இதனைச் சொல்லுதல் தவறாகாது.

இது வெறும் ஏட்டுச்சுரைக்காயன்று. 1010-ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுக்களில் ஊர்களின் நிலவளவு வேலி, மா, காணி, முந்திரி என்று தொடங்கிக் கீழ், கீழ் என்று அடுக்கிச் செல்லுதலைக் காணலாம். வேலியில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒன்று வரை அவ்வளவு இறங்குகின்றது என்று கல்வெட்டாராய்ந்த அறிஞர் கணக்கிட்டுள்ளனர். முந்நூற்றிருபதை நான்குமுறை தன்னாற் பெருக்கி ஐந்தாற் பெருக்கினால் அவ்வெண் வரும். அத்துணைச் சிறிய நிலத்தைக் கோலால் அளந்திருக்க இயலாது. அது பங்கிட்ட கணக்கின் மிச்சமேயன்றி வேறன்று. ஆயினும் மிச்சத்தை விட்டுவிடாமல் எழுதிய நேர்மை போற்றத்தக்கதே.

முந்நூற்றிருபதுக்கு ஒரு குறை உண்டு. இரண்டாலும் ஐந்தாலும் அமைந்த எண்ணாதலின் அது மூன்றாலும் ஏழாலும் மீதமின்றி வகுபடாது. படகில் மூவரோ எழுவரோ சென்றால் என் செய்வது? கீழ்முந்திரிக்கும் கீழே இம்மி என்பதொன்று உண்டு. பத்தரை இம்மி கொண்டது ஒரு கீழ்முந்திரி. பத்தன்று, பதினொன்றன்று, பத்தரை என்பது முதலில் நகைப்பை விளைக்கும். பத்தரையை மூன்றால் வகுத்துப் பாருங்கள்: மூன்றரை. ஏழால் வகுத்துப் பாருங்கள்: ஒன்றரை. முழுமையொன்றுக்கு இம்மி 10,75,200, அதில் மூன்றிலொன்று 3,58,400, ஏழிலொன்று 1,53,600. மேலே வகுபடாத மூன்றும் ஏழும் இம்மியில் வந்து வகுபடுகின்றன. இதற்காகவே அந்த அரை சேர்க்கப்பட்டது என்பது எம் கருத்து. ‘இம்மியும் பிசகாமல்’ என்று நம் பாட்டிமார் சொல்லும் சொல்லில் இத்துணைக் கணிதம் ஒளிந்திருக்கின்றது. கணக்கதிகாரம் முதலிய நூல்களைக் கற்றவர் இவற்றை முறையாக அறிவர்.

இனி மீன் நிறுத்த தராசுக்கு வருவோம். கருவாடும் புளியும் மிளகாயும் நிறுத்த பழைய சென்னை நிறையளவு யாது? நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. இருபது மணங்கு ஒரு கண்டி. எட்டை நாற்பதால் பெருக்குக. மணங்கு ஒன்றுக்குப் பலம் முந்நூற்றிருபது! அஃதாவது ஒரு பலம் என்பது மணங்கில் ஒரு முந்திரி. ஒரு வீசை என்பது மணங்கில் அரைக்கால். மணங்கோ கண்டியில் ஒரு மா. எண்சுவடி ஓதிய பிள்ளைக்கு நிறை வாய்பாடு வேறாக வேண்டியதில்லை. எழுத்தே அறியாத கிழவியும் கருவாட்டுக் கூடையின்முன் அமர்ந்து, ‘அரைக்கால் மணங்கு’ என்பாரும் ‘ஒரு வீசை’ என்பாரும் கேட்பது ஒன்றே என்று அறிந்து விலை சொன்னது இதனாலேதான். முகத்தலிலும் இவ்வெண்ணின் நிழல் உண்டு. உப்பளத்தில் வழங்கிய கரிசைக்கு மரக்கால் நானூறு, படியாக்கினால் 3,200.

நம் ஊருக்கே உரிய வியப்பு ஒன்றை இனிச் சொல்லுவோம். ஒல்லாந்தர், அஃதாவது டச்சுக்காரர், 1610-ஆம் ஆண்டு பழவேற்காட்டில் பண்டசாலை அமைத்தனர். 1613-இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடமாக 1690 வரை அது விளங்கியது. இங்கு வாங்கிய துணிகளை மூட்டை மூட்டையாகக் கீழைத்தீவுகளுக்கு அனுப்பி, அங்கே வாசனைப் பண்டங்களுக்கு மாற்றினர். துணிகளை இருபது உருப்படி கொண்ட கட்டாக எண்ணுதல் அவ்வணிகத்து வழக்கு. கோட்டையில் நாணயச்சாலையும் இருந்தது. அவர்கள் கணக்குப் புத்தகத்தில் பணத்தை எழுதிய முறையாவது: கில்டர், ஸ்டைவர், பென்னிங். ஒரு கில்டருக்கு இருபது ஸ்டைவர். ஒரு ஸ்டைவருக்குப் பதினாறு பென்னிங். பெருக்குக. ஒரு கில்டருக்குப் பென்னிங் முந்நூற்றிருபது!

ஆகவே ஸ்டைவர் என்பது கில்டரில் ஒரு மா. பென்னிங் என்பது கில்டரில் ஒரு முந்திரி. கோட்டைக் கணக்கர் ஒருவர் 23 கில்டர், 7 ஸ்டைவர், 12 பென்னிங் என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். ஏழு மா என்பது காலே இருமா. பன்னிரண்டு முந்திரி என்பது முக்காணி. கோட்டைக்கு வெளியே திண்ணையில் அமர்ந்த தமிழ்க்கணக்கப்பிள்ளை அதனை ‘இருபத்துமூன்றே காலே இருமா முக்காணி’ என்று ஓலையில் ஒரு முந்திரியும் குறையாமல் எழுதிவிடலாம். ஒருவர் மொழி ஒருவர்க்குத் தெரியாவிடினும் கணக்கு மொழிபெயர்க்கப்படத் தேவையில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்ததன்று. தஞ்சைக் கல்வெட்டு, ஒல்லாந்தர் மரக்கலம் இக்கரை காண்பதற்கு அறுநூறாண்டு முந்தியது. பாதி பாதியாகப் பகுத்தலும், இருபதாகக் கட்டுதலும் எங்கும் மாந்தர்க்கு இயல்பாதலின் இருவரும் ஒரே துறையில் வந்து இறங்கினர் என்க. பழவேற்காட்டில் அவ்விரு கணக்கும் ஒரு மதிலின் இருபுறத்தும் வாழ்ந்தன. அதனை எடுத்துரைப்பார் இன்மையே எமக்கு வருத்தம்.

ஏரியின் வடபால் தெலுங்கு வழங்குகின்றது. அங்குள்ளார் பின்னம் எழுதிய முறை நான்கை அடியெண்ணாகக் கொண்டது. நாலிலொன்றை நிற்கும் கோட்டாலும், அதன் நாலிலொன்றாகிய வீசத்தைக் கிடக்கும் கோட்டாலும், அதற்கும் கீழே மறுபடி நிற்கும் கோட்டாலும் மாறிமாறிக் காட்டினர். ஆகவே இந்த ஓர் ஏரியின் நீரைக் குடித்த காற்றிலே நாலின் கணக்கும், முந்நூற்றிருபதின் கணக்கும், அறுபதின் கணக்கும், பத்தின் கணக்கும் ஒருங்கே உலவின. வீசம் என்னும் சொல் மட்டும் இருகரைக்கும் பொது.

ஏரியில் வலையிடும் உரிமைக்கு நம்மவர் வகுத்த பாட்டுமுறையும் ஒரு கணக்கே. தலைக்கட்டில் இடம்பெற்றவர்க்கே பாடு உண்டு. இன்ன நாள் இன்ன இடம் இன்னார்க்கு என்பது சீட்டாலும் முறைமாற்றத்தாலும் அமையும். எடுத்துக்காட்டாக, ஓர் இடத்துக்கு ஐந்து குழுவினர் உரியர் எனக் கொண்டால், நாட்களை ஐந்தைந்தாகக் கழித்து மிஞ்சும் எண்ணைக் கொண்டு இன்று யார் முறை என்று சொல்லிவிடலாம். மிச்சம் ஒன்றாயின் முதற்குழு. மிச்சம் இல்லையாயின் ஐந்தாங்குழு. நல்ல பாடும் மெலிந்த பாடும் எல்லார்க்கும் சுற்றி வருதலே இதன் நோக்கம். ஒருநாள் எண்ணிக்கை தவறினும் ஊர்க்கூட்டம் கூடவேண்டியதாகும்.

பணத்தின் கதையைச் சுருக்கிச் சொல்லுவோம். சென்னையில் 1818 வரை வராகனும் பணமும் காசும் வழங்கின. எண்பது காசு ஒரு பணம். ஆகவே காசு என்பது பணத்தில் ஒரு காணி. நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்பதுதான் இந்த ஒழுங்கில் சேராத எண். முந்நூற்றிருபதில் இல்லாத மூன்றும் ஏழும் அதில் இருக்கின்றன என்று வேண்டுமாயின் ஆறுதல் கொள்ளலாம். பின்னர் வந்த ரூபாய்க்கு அணா பதினாறாதலின் ஓரணா ஒரு வீசமாயிற்று. ‘முக்காலே மூன்று வீசம்’ என்றால் பதினைந்தணா. பதின்மூன்று ரூபாயைப் பதினாறு பங்காக்கினால் பங்குக்கு முக்காலே வீசம், பதின்மூன்றணா. கையெழுத்தறியாதவரும் நொடியிற் சொல்லிவிடுவர். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு காசு என்றாயிற்று. அதே பதின்மூன்று ரூபாயில் இப்பொழுது பங்குக்கு எண்பத்தொரு காசு போக நான்கு காசு மிஞ்சும். அடுத்த சில ஆண்டுகளில் வீசையும் படியும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தன. ஒல்லாந்தரும் தம் கில்டரை 1816-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூறு சென்ட்டாக்கிவிட்டனர். முந்நூற்றிருபதை நம்மினும் நூற்றுநாற்பதாண்டு முன்னரே கைவிட்டவர் அவர்.

பத்தின் முறையை யாம் பழிக்கவில்லை. நாடு முழுவதும் ஓரளவை வழங்குதல் வணிகத்துக்கு இன்றியமையாதது. வெவ்வேறு ஊரில் வெவ்வேறு படி வைத்து ஏழைகளை ஏய்த்தவர் கதை யாவரும் அறிந்ததே. ஆயினும் பாதி பாதியாகப் பகுக்கும் வழி செத்தொழியவில்லை. நம் பிள்ளைகள் கையிலுள்ள கணிப்பொறியின் உள்ளே நடப்பது இரண்டின் கணக்கு. அதனைச் சுருக்கி எழுத வல்லுநர் கையாளுவது பதினாறின் கணக்கு. வீசம் ஓதிய திண்ணைப்பிள்ளை அங்கே திகைத்து நின்றிருக்க மாட்டான். அப்பொறிகளுக்கான யூனிகோடு என்னும் எழுத்துத் தொகுதியில் தமிழ்ச் சுழி 2005-ஆம் ஆண்டிலும், முந்திரி முதலிய கீழ்வாய்க் குறிகளும் பழங்கணக்குக் குறிகளுமாக ஐம்பத்தொன்று 2019-ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டன.

ஆகவே குறிகளை அச்சிடுதற்கு இனித் தடையில்லை, படிப்பார்தாம் வேண்டும். நம் குடும்பங்கள் சிலவற்றில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், வலைப்பங்குக் குறிப்பு, கோயில் மகமைக் கணக்கு ஆகியன பெட்டியடியிற் கிடத்தல் கூடும். அவற்றைப் பிரிப்போர் இரண்டொன்றை நினைவிற் கொள்க. எண்களின் இடையே ‘வ’ போலத் தனித்து நிற்பது வகரமன்று; கால். ‘ப’ போல நிற்பது மா. ௰ என்பது யகரம் போலத் தோன்றினும் பத்தே; அதனைச் சுழி சேர்ந்த ஒன்றென்று எண்ணி அடுத்த இலக்கத்தோடு ஒட்டிப் படித்தலாகாது. எல்லாவற்றினும் மிகுதியாகப் பிழை நேர்வது ‘அரைக்கால்’ என்னும் சொல்லில். அரையும் காலும் கூடிய முக்கால் என்று அதனைக் கொள்வார் இளைஞருட் பலர். அது காலில் அரை; எட்டில் ஒரு பங்கு. அரைக்கால் பங்குக்கு உரிய இடத்தில் முக்கால் பங்கைக் கொடுத்தவர் ஆறு மடங்கு கொடுத்தவராவர். ஏனைய பங்காளிகளுக்கு எட்டில் ஏழு போய் எட்டில் இரண்டே நிற்கும்.